அஞ்செட்டி இறக்கத்தில் ஒரு டிரெய்லர்

அக்கா மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் பழைய ஃபார்ச்சூனர் ஒன்றை வாங்கினான், அதற்கு முன்னாடியே எங்கள் நாட்றாம்பாளையம் பக்கம் கொஞ்சம் நிலமும் வாங்கிப் போட்டிருந்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் அவனுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. சர்ஜாபுரத்தில் அவன் கூட்டாளிக்கும் ஒரு தோட்டம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மினி டிராக்டர் வாங்குவதாம். அதை ஒரு டிரெய்லரில் ஏற்றி, ஃபார்ச்சூனருக்குப் பின்னால் மாட்டி, ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று இழுத்துக்கொண்டு திரிவதாம்.

"மாமா, ஐநூறு நியூட்டன் மீட்டர் டார்க். யானையையே இழுக்கும்."

"யானையை எதுக்கு மாப்ள இழுக்கணும்? நம்ம ரோட்டுல யானை எதிர்ல வந்தா நிறுத்த முடியுமான்னு சொல்லு."

சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டான். ஆனால் யோசனையை விட்டபாடில்லை, வாட்ஸ்அப்பில் ஆஸ்திரேலியா வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறான். பெரிய லேண்ட் குரூசருக்குப் பின்னால் வீட்டு அளவுக்கு ஒரு கேரவன், அதை இழுத்துக்கொண்டு ஒரு தாத்தாவும் பாட்டியும் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். அவர்களால் முடியும்போது என்னால் ஏன் முடியாது என்கிறான். கேள்வி நியாயமானதுதான். ஓசூரில் லாரித் தொழிலோடு பாதி ஆயுசை ஓட்டியவன் என்ற முறையில் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவனைப் போல யோசிக்கிறவர்கள் இப்போது நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நிலம் வாங்கும் பெங்களூர்க்காரர்கள் பாதிப் பேர் வாசலில் ஒரு பெரிய எஸ்யூவி நிற்கிறது.

முதலில் இழுக்கிற சங்கதி. அதில் அவனோடு எனக்குச் சண்டையே இல்லை, இழுக்கும். அவன் நினைப்பதைவிட அதிகமாகவே இழுக்கும். 2006-ல் இங்கிலாந்தில் ஒரு ஃபோக்ஸ்வேகன் டூவாரெக் எஸ்யூவி, 155 டன் எடையுள்ள போயிங் 747 விமானத்தை ஓடுபாதையில் இழுத்தே காட்டியது. 2016-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட், நூறு டன்னுக்கு மேல் கனக்கும் ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தில் பத்து கிலோமீட்டர் இழுத்தது. இரண்டும் விளம்பரத்துக்காகச் செய்தது, ஆனால் பொய் இல்லை.

பொய் இல்லாமலே ஆளை ஏமாற்ற முடியும் என்பதற்கும் இவையே உதாரணம். அந்த டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்கு ரோட்டில் டிரெய்லர் இழுக்கக் கம்பெனி கொடுத்திருந்த வரம்பு 2,500 கிலோ. நூறு டன்னை இழுத்த வண்டிக்கு இரண்டரை டன்தான் வரம்பு என்றால் நடுவில் என்னமோ இருக்கிறது இல்லையா? இருக்கிறது. சமதளத்தில் உருளும் சக்கரத்தை நகர்த்த எடையில் நூறில் ஒரு பங்கு விசை போதும், தண்டவாளத்தில் அதுவும் வேண்டாம். நூறு டன் ரயிலை அசைக்க இருநூறு கிலோ அளவுக்கு இழுவை கிடைத்தால் நகர்ந்துவிடும். டூவாரெக் கதையில் இன்னொரு சூட்சுமம். அதன் என்ஜினுக்குப் பலம் இருந்தது, டயருக்குப் பிடிமானம் போதாது. வெறும் வண்டியாக இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் உள்ளே நாலு டன்னுக்கு மேல் பாரம் ஏற்றி, வண்டியையே ஏழு டன் அளவுக்குக் கனமாக்கித்தான் இழுத்தார்கள். ஓடுபாதையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எதிரில் பஸ் வராது. நடந்து போகிற வேகம். நிறுத்த வேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை.

அந்த இரண்டரை டன் வரம்பு வண்டியை நிறுத்துவதற்கும் மேட்டில் கிளப்புவதற்கும் வளைவில் தாங்குவதற்கும் சேர்த்துப் போட்டது.

நம்ம ஊர்ப் பக்கமே இதற்குப் பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூர் ஈஜிபுரா கோதண்டராமர் கோயிலுக்காக, திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் ஒரே பாறையில் வெட்டியெடுத்த விஸ்வரூப விஷ்ணு சிலை. ஏறத்தாழ 350 டன். 240 டயர் பூட்டிய டிரெய்லரில் ஏற்றி 2018 டிசம்பரில் கிளப்பினார்கள். பெங்களூர் போய்ச் சேர 2019-ல் பாதி வருஷம் ஓடிவிட்டது. சாதாரண லாரி ஒரே ராத்திரியில் போகிற தூரம் அது.

எத்தனை இடத்தில் நின்றது! டயர் வெடித்தது. செஞ்சியில் தெருவுக்குள் நுழைய முடியாமல் கடை, வீட்டுச் சுவர்களை இடிக்க வேண்டி வந்தது. நம் மாவட்டத்துக்குள் வந்த பிறகு சூளகிரி பக்கம் சாமல்பள்ளத்தில் நின்றது. ஓசூரை நெருங்கும்போது பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் சனங்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள், சுற்றிலும் கடை முளைத்தது. ஒரு விதத்தில் பெங்களூருக்கு முன்னால் நமக்குத்தான் தரிசனம் கிடைத்தது.

அங்கே என்ஜின் ஒரு பிரச்சினையே கிடையாது. ஒரு புல்லர், அதாவது இழுவை லாரி, போதவில்லை என்றால் முன்னாடி இன்னொன்றைக் கோத்துக்கொள்ளலாம், பின்னாலிருந்து ஒன்றை வைத்துத் தள்ளலாம். கனரக வண்டிக்காரர்கள் தினமும் செய்கிற வேலை. சிக்கல் எல்லாம் கீழே இருந்தது. 350 டன்னை 240 டயருக்குப் பிரித்தால் ஒரு டயருக்கு ஒன்றரை டன் வருகிறது, டிரெய்லரின் சொந்த எடை வேறு. ரோடு தாங்கியது. பாலம் தாங்குமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை. கடைசியில் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றில் மண்ணைக் கொட்டி தற்காலிகப் பாதை போட்டு, அதன் மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இதற்குத்தான் மாதக்கணக்கு.

இதே சிக்கலை அமெரிக்காக்காரன் எப்படிச் சமாளித்தான் என்று தெரியுமா? 2012 அக்டோபரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தைப் பொருட்காட்சி சாலையில் வைப்பதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்கள் வழியாகக் கொண்டுபோனார்கள். நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்கும் பாலம் குறுக்கே வந்தது. அதுவரை ஓடத்தைச் சுமந்து வந்த கனரக வண்டியோடு சேர்த்துப் பார்த்தால் பாலத்துக்கு எடை அதிகம். ஓடத்தை எடை குறைந்த வேறொரு சக்கர மேடைக்கு மாற்றி, அதை ஒரு டொயோட்டா டண்ட்ரா பிக்கப்பால் இழுத்துக் கால் மைல் தாண்டினார்கள். மொத்தம் 130 டன்னுக்கு மேல். உலகமே டண்ட்ராவைப் பார்த்து வாயைப் பிளந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. பாலத்துக்காக வண்டியை மாற்றினார்கள் பாருங்கள், அதுதான். பேரண்டப்பள்ளியில் நாம் வண்டிக்காக ஆற்றில் ரோடு போட்டோம்.

சரி, மாப்பிள்ளைக்கு வருவோம்.

மினி டிராக்டர் ஏறத்தாழ ஒரு டன். அதில் பூட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் இருநூறு கிலோ சொச்சம். நம்ம ஊர் லேத்துப் பட்டறையில் சி-சேனல் வைத்து அடித்த டிரெய்லர் என்றால் அதுவே ஐநூறு கிலோ வந்துவிடும். ஆக 1,700 கிலோ. ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல், அதோடு மூன்று ஆள், சாமான், டீசல் சேர்த்தால் இரண்டரை டன். இரண்டையும் கூட்டினால் 4,200 கிலோ.

ஆஸ்திரேலியாவில் இதே வண்டிக்கு மூன்று டன் அளவுக்கு அனுமதி உண்டு என்று அவன் சொல்வது உண்மை. லேண்ட் குரூசர் 300-க்கு 3,500 கிலோ. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் அச்சாகியிருக்கும், அதைத்தான் வீடியோக்காரர்கள் காட்ட மாட்டார்கள்: டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோ. அவ்வளவுதான். லேண்ட் குரூசரானாலும் 750. மூன்றரை டன் எங்கே, முக்கால் டன் எங்கே! இந்த வித்தியாசம் முழுக்க பிரேக்கைச் சேர்ந்தது.

இப்போது நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஓசூர் மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, காட்டுக்குள் புகுந்து அஞ்செட்டி, அப்புறம் நாட்றாம்பாளையம். இன்னும் போனால் ஒகேனக்கல். இந்தப் பக்கம் பிலிகுண்டுலு, கர்நாடகம் விடுகிற காவிரித் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற இடம். வழி முழுக்க மேடு பள்ளம் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: மேட்டு நிலத்திலிருந்து காவிரியை நோக்கி இறங்குகிறோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் மாப்பிள்ளையின் டிராக்டரும் போகப் போகிறது. சரக்கோடு வரும்போது இறக்கம். ஆக, அவனுடைய ஐநூறு நியூட்டன் மீட்டருக்கு இந்தப் பக்கம் வரும்போது பெரிய வேலையே இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வழியில் ஒரு நீள இறக்கத்தில் 300 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 4,200 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறினால், அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட 40 லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதி நிலைக்கு வந்துவிடும். ஒரு கல்யாண வீட்டு அண்டா! டிரெய்லர் இல்லாமல் வண்டி மட்டும் இறங்கினால் 23 லிட்டர். காற்றில் கொஞ்சம் கரையும், என்ஜின் கொஞ்சம் பிடிக்கும், மீதியை நான்கு சக்கரத்து பிரேக்தான் குடித்தாக வேண்டும். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதன் பங்கையும் முன்னாடி இருக்கிற வண்டியே குடிக்க வேண்டும். பேட் சூடேறிவிட்டால் பெடல் முதலில் உறைக்காமல் போகும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும். காலை எடுத்து மறுபடி மிதிப்பதற்குள் வளைவு வந்துவிடும்.

தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் போனவர்களுக்கு இது புதிதல்ல. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுக்கொண்டு வரும் லாரிகளால் அங்கே எத்தனை விபத்து! நியூட்ரலில் ஓட்டாதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், மைக்கிலும் சொல்கிறார்கள். அனுபவஸ்தர் டிரைவர்கள் சொல்கிற சட்டம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. அந்தச் சட்டம் டிரெய்லரோடு சேர்ந்து நாலு டன் ஆகிற எஸ்யூவிக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'-யில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. மேனுவல் பக்கம் தள்ளி கியரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகாமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு ஆறவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.

"அப்ப டிரெய்லர்லயே பிரேக் வெச்சுட்டா?"

வைக்கத்தான் வேண்டும். இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, முன்வண்டி பிரேக் பிடித்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கொக்கிப் பக்கம் இருக்கிற ஒரு தண்டை அமுக்கி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வெளிநாட்டில் நடுத்தர எடைக்கு இதுதான். சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் நீள இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் ஓயாமல் பிடித்தபடி இருந்து சூடேறிப் போகும். இன்னொன்று கரண்டில் வேலை செய்வது. டிரைவர் கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். முன்வண்டியைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும். மலைப்பாதைக்கு இதுதான் எனக்குப் பிடித்தது. நம் பக்கப் பட்டறைகளில் டிராக்டர் டிரெய்லர் அடிக்கிறவர்களில் பலர் இரண்டையும் வைப்பதில்லை. டிராக்டர் மெதுவாகப் போகிறது, ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஃபார்ச்சூனர் அப்படிப் போகாது, அதை வாங்கினவனும் அப்படிப் போக மாட்டான்.

அடுத்தது எடையை எங்கே வைப்பது என்பது. டிரெய்லர் இழுக்கிறவர்கள் பாதிப் பேர் கவிழ்வது இதில்தான். டிராக்டரை ஏற்றும்போது டிரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பாரம் விழ வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது ஆஸ்திரேலியா கணக்கு. அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை சொல்வார்கள். நம் 1,700 கிலோவுக்கு 170 கிலோ. பாரம் பின்னால் போய்விட்டால் கொக்கி மேலே தூக்கும், முன்வண்டியின் பின்சக்கரம் லேசாகும். ஒரு வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். ஆட்டம் ஒரு தடவைக்கு ஒரு தடவை பெரிசாகும். அந்த நேரத்தில் பயந்து முன்வண்டி பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, இரண்டும் கத்திரிக்கோலாக மடங்கும். செய்ய வேண்டியது ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. கரண்ட் பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் மெல்லப் பிடித்து வண்டியை இழுத்து நேராக்குவது. சொல்ல எளிது. பழக்கம் இல்லாதவனுக்குக் கால் தானாக பிரேக்குக்குத்தான் போகும்.

அந்த 170 கிலோ இன்னொரு இடத்திலும் கணக்கில் வரும். கொக்கியில் உட்காரும் எடை முன்வண்டி சுமக்கும் எடை. லேண்ட் குரூசர் 300 இழுப்பது மூன்றரை டன் என்றால் கொக்கியில் 350 கிலோ. அந்த வண்டியால் உள்ளே சுமக்க முடிந்ததே சுமார் 700 கிலோ. பாதி போய்விட்டது. மீதியில் ஐந்து ஆள், புல் பார், மேலே கேரியர், தண்ணீர் கேன். வீடியோ தாத்தா பாட்டி இரண்டே பேராகப் போவது எதனால் என்று இப்போது புரிகிறதா?

கொக்கி பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டியோடு கொடுக்கிற, பம்பரில் மரை திருகி மாட்டுகிற வளையம் இருக்கிறதே, அது பிரேக்டவுன் ஆனால் கயிறு கட்டி இழுக்க. டிரெய்லர் மாட்ட அல்ல. டிரெய்லருக்கு சேசிஸ் கட்டையில் போல்ட் போட்டுப் பிடித்த தனி டவ் பார் வேண்டும், அதன் மேல் 50 மில்லிமீட்டர் குண்டு. கூடவே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி. கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது: சேற்றில் மாட்டிய வண்டியை அந்தக் குண்டில் பெல்ட் கட்டி வெடுக்கென்று இழுப்பது. குண்டு முறிந்து தோட்டா வேகத்தில் பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கின்றன. தொட்டல்லா ஆற்று மணலில் வண்டியை இறக்கி விளையாடுகிற வார இறுதி வீரர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் என்பது வண்டியின் ஒரு பாகம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அது தனி வாகனம், தனிப் பதிவு, தனி நம்பர். அந்த நம்பர் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கிற வண்டியின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும். 61-வது பிரிவைப் படித்தால் போதும். லேத்துப் பட்டறையில் அடித்த டிரெய்லரைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்குவதுதான் வழி. லைசென்ஸில் எடை விஷயம் தெளிவாகத்தான் இருக்கிறது. எல்.எம்.வி. லைசென்ஸ்காரர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதி அமர்வு உறுதி செய்துவிட்டது. இன்சூரன்ஸில் டிரெய்லரையும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி இரண்டு மாநிலத்தில் இழுத்துக்கொண்டு திரிவது தைரியமான காரியம்தான், புத்திசாலித்தனம் இல்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் யானை பாக்கி இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். நாம் போகிற ரோடு அந்தக் காட்டை ஒட்டியும் ஊடுருவியும் போகிறது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று வருஷா வருஷம் வருகின்றன. வளைவு திரும்பியதும் ரோட்டில் யானை நின்றால் என்ன செய்வோம்? மெல்லப் பின்னால் எடுப்போம். டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் மடங்கி நிற்கும். காலி மைதானத்தில் மெதுவாகப் பழகினால் கைவரும் வித்தைதான். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் கையை வைத்துக்கொள், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அந்தச் சூத்திரம் இருட்டில், ஒற்றை ரோட்டில், முன்னால் ஒரு யானை காதை விரித்துக்கொண்டு நிற்கும்போது ஞாபகம் வருமா என்பதுதான் கேள்வி. டிரெய்லர் இல்லாத வண்டியே அங்கே திரும்ப இடம் தேட வேண்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு ஒரு நாள் கேட்டான்: "அப்ப ஏன் மாமா நம்ம நாட்டுல யாருமே இதைச் செய்யறதில்ல? பயமா?"

பயமெல்லாம் இல்லை. தேவை வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு மினி டிராக்டரை ஐம்பது கிலோமீட்டர் கொண்டுபோக ஆள், வண்டி வாடகைக்கு எடுத்தால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவனும் தானே டிரெய்லர் வைத்திருக்கிறான். இங்கே தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று டாடா ஏஸ்காரர்கள் "எங்க சார் போகணும்?" என்று கேட்டுவிடுவார்கள். டாடா ஏஸ் முக்கால் டன் வண்டி, டிராக்டருக்குப் போதாது. ஆனால் 2011-ல் ஓசூர் அசோக் லேலண்டில் தயாராக ஆரம்பித்த தோஸ்த் இருக்கிறது, ஒன்றேகால் டன் பாரம் தாங்கும் வண்டியாக வந்தது. மாப்பிள்ளையின் டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேர்ந்து அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஒரே சேசிஸ், மடங்காது, வாலாட்டாது, பின்னால் எடுத்தால் சொன்ன பக்கம் போகும். ஓட்டுகிறவருக்கு அஞ்செட்டி ரோட்டில் எந்த வளைவில் குழி இருக்கிறது என்பது வரை மனப்பாடம். பெரிய எஸ்யூவியை வைத்துக்கொண்டு செய்யப் பார்க்கிற வேலையை நம்ம ஊரிலேயே செய்த ஒரு சின்ன லாரி பத்திரமாகச் செய்துவிடுகிறது. இதில் எனக்கு உள்ளூர்ப் பெருமையும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

அதற்காக டிரெய்லரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆசை அவனுடையது, காசும் அவனுடையது. பதிவு செய்த டிரெய்லர், அதில் தனி பிரேக், மொத்தம் ஒரு டன்னுக்குள் பாரம், பகல் நேரம், காலி மைதானத்தில் பின்னால் எடுக்கப் பழகிய கை. இத்தனையும் இருந்தால் ஓசூர், சர்ஜாபுரம் பக்கம் சமதள ரோட்டில் தாராளமாக இழுத்துக்கொள்ளட்டும். வண்டியின் கையேட்டில் டிரெய்லர் எடை பற்றி இந்தியாவுக்கு என்ன போட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கட்டும். ஆஸ்திரேலியா கையேடு ஆஸ்திரேலியாவுக்கு. தேன்கனிக்கோட்டை தாண்டி டிராக்டரை இறக்குவதாக இருந்தால் தோஸ்த் பேசு மாப்ள. வாடகையில் பாதியை நான் தருகிறேன்.